எலுமிச்சம்பழத்தின் மேல் தள்ளிய வண்டி

அந்த வண்டியை வாங்குவதற்கு முன் நான் அளந்தது எங்கள் வீட்டு நாற்காலியை. இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவால் தாழ்வான இருக்கையில் உட்கார முடியாது. ஆட்டோவில் குனிந்து ஏற முடியாது. சின்ன கார் என்றால் குழிக்குள் இறங்குவது போல வலிக்கும். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாமல், ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள்ளேயே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சமயபுரம் போக வேண்டும் என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். கொள்ளிடம் தாண்டினால் வந்துவிடும் ஊர்.

உயரமான இருக்கையுள்ள எஸ்யூவியாகத் தேடியதில் என் கைக்கு எட்டியது ஒன்றுதான். வையம்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேப்பமரத்தடியில் நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டியதில், என்ஜின் சூடேறி இறுகிப்போயிருந்தது. நான் மெக்கானிக்கல் படித்தவள். அடிச்சட்டத்தில் துரு, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், இன்சூரன்ஸ், கடன் தீர்ந்த சான்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தேன். கடைசியாக டேப்பை எடுத்து முன் இருக்கையின் உயரத்தை அளந்தேன். அம்மாவின் நாற்காலியைவிட இரண்டு விரல் கூடுதல்.

"என்ஜினை விட்டுட்டு சீட்டை அளக்கற ஆளை இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார் பண்ணைக்காரர்.

உறையூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். பழையதைப் பிரித்து ஒட்டுவதைவிட வேறு என்ஜின் மாற்றிவிடுவதே நல்லது என்பது அவர் கருத்து, என் கருத்தும்தான். அப்பா மட்டும் ஒப்பவில்லை. ஓடாத வண்டியை யாராவது வாங்குவார்களா என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டார்.

அம்மாவின் கவலை வேறு. வெள்ளிக்கிழமை நல்ல நாள். வண்டி முதலில் வீட்டுக்கு வந்து பூஜை முடிந்த பிறகுதான் பட்டறைக்குப் போக வேண்டும் என்றாள். என்ஜின் மாட்டியபின் பூஜை போடலாமே என்றேன்.

"புள்ளைக்குப் பேர் வைக்க அது நடக்கட்டும்னா காத்திருப்பாங்க?"

வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பே ரெக்கவரி வண்டி அதை எங்கள் தெருவில் இறக்கியது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தோம். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. வண்டி அவற்றின் மேல் ஏறி நகர வேண்டும். எப்படி நகரும்? அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு மாமா, பள்ளிக்கூட வாத்தியார், வேட்டியை மடித்துக் கட்டினார். "தேர் வடம் பிடிச்ச கைதானே, இதைத் தள்ள மாட்டோமா?" என்று பின்னால் போய் நின்றார். ரெக்கவரி டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அப்பாவும் போனார்.

நான் ஸ்டியரிங் பக்கம் ஏறும்போது அம்மா கைத்தடியோடு வாசலை விட்டு இறங்கி வந்தாள். "இரு, நானும் ஏறிக்கறேன்."

என் அளவு சரியில்லையென்றால் புது என்ஜின் போட்டும் பயனில்லை. அம்மா திரும்பி நின்று, இருக்கையில் முதுகுப்புறமாக உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை.

"நம்ம நாற்காலி மாதிரியே இருக்கு" என்றாள்.

என்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பிரேக்கும் லேசில் பிடிக்காது, மெதுவாகத் தள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்? பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. அதோடு முடித்திருக்கலாம். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிறுத்தாதீங்க, அப்படியே முனை வரைக்கும்" என்றாள். ஒரு வருஷமாகப் பார்க்காத வீடுகள் பக்கத்தில் நகர்ந்தன. வாசலுக்கு வந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி அழைத்து விசாரித்துக்கொண்டே போனாள்.

"சமயபுரத்துக்கே தள்ளச் சொல்லுவா போல" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். முகம் சிவந்து, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். முனையில் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, பூக்காரம்மாவின் கூடைக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன்.

பின்பக்கம் இடிபட்டுக் கழிக்கப்பட்ட அதே மாடல் வண்டியிலிருந்து என்ஜின் கிடைத்தது. அதை மாட்டி, புது என்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றி வாங்கும்வரை, அப்பா அடிக்கடி பஸ் பிடித்து உறையூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் இப்போது என்ஜினின் நலம்தான் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமயபுரம் கிளம்பினோம். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. முன் இருக்கையில் அம்மா, பின்னால் அப்பா. கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்குச் சத்தமே இல்லாம போச்சு. இன்னைக்கு என்ன இப்படி உறுமுது?"

"அன்னைக்கு உறுமுனது நான்" என்றார் அப்பா.