ஈரச் சாக்கு வேண்டாம் என்றேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் பாவா சீண்டுவதால்தான் அப்படி என்று சொல்லித் திரிந்தேன், அதுவும் பொய். அக்காவைக் கட்டியவர் அவர். "தினமும் ட்ரெயின் புடிச்சி மெட்ராஸ் போயி இன்னாத்த கிழிச்சிகினு இருக்க? கான்கிரீட் கட்டிய ஒடைக்கறதுக்கா சம்பளம்?" என்பார். சோதனைக்கூடத்தில் கட்டிகளை அழுத்தி உடைத்துப் பார்ப்பதுதான் என் வேலை.

திருத்தணியில் அவர் மாடி கட்டியபோது, இருங்க காட்டுகிறேன் என்று நானோ சிலிக்கா ஒரு கேன் வாங்கிக்கொண்டு போனேன். சிமெண்ட்டைவிடப் பல மடங்கு பொடிசான சிலிக்கா அது. சிமெண்ட் துகள்களின் இடுக்கில் போய் உட்கார்ந்து தளத்தை இறுக்கும், கசிவைத் தடுக்கும். ஒரே ஒரு தொல்லை. கலவையில் உள்ள தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவிடாது. வெயிலில் மேல்பரப்பு சட்டென்று காய்ந்து வெடிக்கும். அதனால் போட்ட கையோடு மூடிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தளம் போட்டது வைகாசி வெயிலில். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குத் தளம் போட்ட மேஸ்திரி, மட்டப்பலகையை இழுத்து முடித்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"மேடம், மேல தண்ணி ஏறவே இல்லியே. எப்பவும் பளபளன்னு நிக்கும். நாளைக்கு பாத்தி கட்டி தண்ணி வுடறதுக்குள்ள காஞ்சிப்பூடும். இப்பவே ஈரச் சாக்கு போட்டுடட்டுங்களா?"

பாவா பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் பழைய கான்கிரீட்டுக்கு மேஸ்திரி. இது வேற. கீழ வாங்க, எல போட்டாச்சு" என்றேன். மேஸ்திரி சொல்லி நான் கேட்பதா என்கிற திமிர். வேறென்ன?

தளம் போட்ட அன்று வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் விருந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்குக் கிருத்திகை, பிரியாணி கிடையாது. "வடையக் காட்டி ஏமாத்திட்டாருப்பா" என்று ஆட்கள் பாவாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது வடையில் கை வைத்தபோது எனக்கு உறைத்தது. அடிப்பாவி! மேஸ்திரி சொன்னது அத்தனையும் சரி. அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். எதிர் இலையில் பாவா. பாயசம் வரும்வரை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மேலே போனபோது தளத்தில் குறுக்கும் நெடுக்கும் விரிசல். "இன்னாம்மா இது?" என்று பாவா என்னைத்தான் கேட்டார்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டாங்க போல, பாவா."

அவ்வளவுதான். அத்தனை ஆட்கள் முன்னால் பாவா மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். "அளந்துதாங்க ஊத்தினேன்" என்று மேஸ்திரி ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரே நம்பத் தொடங்கியது அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் குனிந்து விரிசலை அளப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் சாக்கு நனைக்கப் போய்விட்டார். கூலி வாங்காமல் விரிசல்களை அடைத்தும் கொடுத்தார். பாவா ஊரெல்லாம் சொன்னதில், அடுத்த தெருவில் அவருக்குப் பேசியிருந்த வீடு வேறு ஆளுக்குப் போனது.

இந்த வருடம் நாங்கள் வீடு கட்டத் தொடங்கினோம். அந்த மேஸ்திரியையே தளத்துக்குக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். நான் தொடங்குவதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தளம் வேணாம் மேடம். உங்க பாவா வூட்லதான் பாத்தீங்களே, எனக்குக் கைக்கணக்கு தப்பிப்போச்சி. அன்னிலேர்ந்து தளமே போடறதில்ல. யாரு தலையிலனா வுழுந்துட்டா? பூச்சு வேலன்னா வரேன்."

"சரிங்க மேஸ்திரி, பூச்சுக்கே வாங்க" என்றேன்.