பல் பிடுங்கலாம் என்று நான் எழுதிய சீட்டு

காலை ஓ.பி. தொடங்கும் முன்பே செல்வியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வாயைப் பொத்தியிருந்த துண்டு முழுக்க ரத்தம். முந்தின நாள் கடைவாய்ப்பல் எடுத்திருந்தார்கள். "எடுக்கலாம், தடையில்லை" என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

அப்போது அரியலூரில் பொது மருத்துவராக இருந்தேன். செல்வி ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் ஷெட்டில் வேலை பார்த்தாள். பிறவியிலேயே நிறமி குறைந்தவள். வெளுத்த முடி, ஓயாமல் ஆடும் கண்கள். சீட்டு வாங்க வந்த அன்று அவள் அம்மா சொன்னார்:

"லேசா இடிச்சிக்கிட்டாலும் கன்னிப் போயிடுதுங்க சார்."

"தோல் வெள்ளையா இருக்குல்ல, அதான் பளிச்சுனு தெரியுது. எனக்குப் பட்டா தெரியாது," என்றேன். அம்மா சிரித்தார். பிளேட்லெட் கவுண்ட் நார்மல். கையெழுத்துப் போட்டேன்.

பஞ்சு வைத்து அழுத்தியபடி திருச்சிக்கு ஆம்புலன்ஸில் நானும் போனேன். அங்கும் கவுண்ட் நார்மல்தான். வேறொருவரின் பிளேட்லெட் ஏற்றிய பிறகே ரத்தம் நின்றது. என்னைவிட மிக இளையவரான ரத்தவியல் டாக்டரம்மா கேட்டார்: "எண்ணிக்கைய பாத்தீங்க, சரி. உள்ள சரக்கு இருக்கான்னு பாத்தீங்களா சார்?"

அவர் விளக்கியது இதுதான். நிறமி செய்யத் தேவையான புரதங்களைச் செல் ஓரிடத்தில் செய்கிறது. நிறமி உருவாவதோ மெலனோசோம் என்ற நுண்பைக்குள். முகவரி பார்த்துப் புரதத்தை அங்கே அனுப்ப வேறு சில புரதங்கள் உண்டு. அவை பழுதானால், ஆலையில் சிமென்ட் மூட்டை தயாராக இருந்தும் லாரி வேறு ஊருக்குப் போன கதைதான். பிளேட்லெட்டுக்குள் இருக்கும் சிறு பைகள் உருவாகவும் இதே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். காயத்துக்கு மற்ற பிளேட்லெட்டுகளை அழைக்கும் பொருள் அந்தப் பைகளில் இருக்கிறது. செல்வியின் பிளேட்லெட்டுகளில் அந்தப் பைகளே இல்லை.

தெரியாது என்று நான் சொல்ல முடியாது. எம்.டி. தேர்வில் இந்த நோயைப் பற்றி எழுதி மார்க் வாங்கியவன்.

மூன்றாம் நாள் வார்டில் அவளிடம், "தப்பு என்னோடதும்மா," என்றேன்.

"மாசாமாசம் பத்து நாள் போவுது சார். தலை சுத்தி உக்காந்தா, ‘வெள்ளைக்கார தொரசானிக்கு ஒடம்பு நோவுதாம்’னு ஷெட்டுல நக்கல் பண்ணுவாளுவ. நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"விடுடி. சார் கூடவே வந்தாருல்ல," என்றார் அம்மா.

"வந்தாரு. கேக்கலியே."

அதன்பின் நிறமி குறைந்தவர் யார் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்டேன். காயம் பட்டால் ரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகும்? மூக்கில் ரத்தம் வருமா? மாதவிலக்கு எத்தனை நாள்? இதைப் படிக்கும் டாக்டர்களுக்குச் சொல்கிறேன், இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். பதிலில் சந்தேகம் இருந்தால், கவுண்ட் எதுவானாலும் கத்தி வைக்க அனுமதிக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

செல்வி பிறகு என்னிடம் வைத்தியத்துக்கு வரவில்லை. அவள் செய்தது சரி.