அழைக்காமல் விட்ட மூன்று வாசல்கள்

சரி-புலாக் கிராமத்தில் சைராகுலை ஏமாற்றிப் பால் ஊற்ற முடியாது. பதினெட்டு வருடமாகக் காலையில் வாசல் வாசலாகப் பால் எடுக்கிறவள். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். அந்த நாக்குதான் அவளுக்கு வினையாக வந்தது. பாலைப் போல ஆளையும் ஒரே சொட்டில் பதம் பார்த்துவிடலாம் என்று நம்பினாள்.

ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கும் ஊற்றுக்கு மேலே, மலையில் தங்கம் தோண்ட ஒரு கம்பெனி வந்தது. ஊற்று கெட்டால் மாடு போச்சு. மாடு போனால் அவள் பிழைப்பும் போச்சு. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பதாகப் பேச்சு. அந்த ஊரில் சாவு வீட்டைத் தவிர, வாசலுக்கு வந்து பெயர் சொல்லி அழைக்காத இடத்துக்கு மானமுள்ள யாரும் போகமாட்டார்கள். கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்களை அழைத்துக்கொண்டார்கள். எதிர்க்கிறவர்களை அழைக்கும் பொறுப்பு சைராகுல் தலையில் விழுந்தது. கூட்டத்தன்று காலை துணைக்குத் தம்பி மேதெர்பெக் வந்தான்.

"மாட்டு டாக்டர் ஒஸ்மோனாலி ஐயா வீட்டுக்குப் போகலையாக்கா?"

"அவரா? சுவத்துல இன்னும் லெனின் படம் தொங்குது. பழைய கம்யூனிஸ்ட்டு. மேல இருக்கறவன் என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு."

"நுர்தின் வீடு?"

"தாடிக்காரன். அவனுக்கு மறுமையைப் பத்திதான் கவலை. ஊத்து எக்கேடு கெட்டா என்ன?"

"புருல்?"

"வெளிநாட்டுக்காரன் தொண்டு சங்கத்துல வேலை பாத்தவ. கம்பெனியும் வெளிநாட்டுது. சொல்லவா வேணும்?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் மேதெர்பெக்.

கூட்டத்தில் கம்பெனிக்கு ஆதரவாக முதலில் உயர்ந்தது அந்த மேதெர்பெக்கின் கைதான். அவன் சைராகுல் முகத்தைப் பார்க்கவில்லை. "லாரி ஓட்டுற வேலை தர்றாங்கக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். எண்ணி முடித்தபோது அந்தப் பக்கம் எழுபத்தொன்று, இந்தப் பக்கம் அறுபத்தெட்டு. மூன்றே கை!

மறுநாள் காலையில் பால் எடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒஸ்மோனாலி வழக்கம்போல வாளியோடு நின்றார். பாலை ஊற்றிவிட்டு, வாளியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்.

"நேத்து காலையிலேர்ந்து நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு இந்த வாசல்லயே உக்காந்திருந்தேன் புள்ள. என் மகன், மருமக, எல்லாரும் கிளம்பித் தயாரா இருந்தாங்க. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே தாண்டிப் போயிட்ட."

"நீங்க... கம்பெனி பக்கம்னு நெனச்சேன் ஐயா."

"ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்த மாட்டுக்குத்தானே நாப்பது வருசம் வைத்தியம் பாத்தேன். நான் எப்படி அந்தப் பக்கம்?"

அவள் கண் தானாக உள்ளே சுவரிலிருந்த படத்துக்குப் போனது. அவர் கவனித்துவிட்டார்.

"அதுவா? உள்ள வா. வாசல்ல நின்னு எவ்வளவு நாள் பாப்ப?"

பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் படத்தருகே போனாள். அடியில், மங்கிய எழுத்தில்: ஒரே வருடத்தில் அதிக ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்றிய மேய்ப்பர் கல்பூபூவுக்குப் பரிசு. கல்பூபூ, அவருடைய செத்துப்போன மனைவி.

"அவ பேரு எழுதின காயிதம் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்" என்றார். "அதைக் கழட்டி எறியவா?"

சைராகுலை வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டுத்தடுமாறிக் கேட்டாள்: "அவங்களாவது உங்களைக் கூப்பிட்டாங்களா, ஐயா?"

"யாரு, கம்பெனியா? நீ என்னை அவன் ஆளுன்ன. அவன் என்னை உன் ஆளுன்னுட்டான். என்னை ஒருத்தனும் கேக்கல."

தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டு வாசலில் நுர்தினின் மனைவி பால் வாளியோடு காத்திருந்தாள். அதற்கடுத்தது புருலின் வாசல்.