லாரிக்கு வழி விடாத ஏட்டு

பால் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் பூனை உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருக்கிறது. தனம் விளக்குமாற்றை ஓங்கிவிட்டாள்.

"நில்லு" என்கிறார் அவள் கணவர், அரியலூர் ஏட்டு ராசாங்கம். "பூனை கவுத்ததை நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை.

"அப்ப இது சந்தேகக் கேசு. விளக்குமாத்தைக் கீழ போடு."

சட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருந்ததா, அடுத்த வீட்டுப் பூனைக்கு இங்கே போக்குவரத்து உண்டா என்றெல்லாம் விசாரணை நடக்கிறது. அது முடிவதற்குள் சந்தேகத்துக்குரிய பூனை மிச்சப் பாலையும் குடித்துவிட்டு நிதானமாக வெளியேறுகிறது. "இந்த வூட்டுல பூனைக்கு இருக்குற நியாயம் எனக்கு இல்ல" என்று தனம் முணுமுணுத்தபடி தரையைத் துடைக்கிறாள்.

இதைக் கொண்டு ஏட்டை ஒரு சட்ட மேதை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. செக்ஷன் எண்களை அவர் மாற்றித்தான் சொல்வார். கோர்ட்டு குமாஸ்தா சிரிப்பதற்கென்றே காத்திருப்பார். திருமானூர்ப் பக்கம் ஆட்டுக் களவு பிடித்துப் பிடித்தே ஏட்டானவருக்குத் தெரிந்தது ஒரே முறை. ஆடு காணாமல் போனால் என்ன செய்வாரோ அதைத்தான் கள்ளச் சாராயத்துக்கும் செய்வார், கொலைக்கும் செய்வார். பிடிப்பார், கையில் கயிற்றைக் கட்டுவார், நடத்திக்கொண்டு போய்க் கோர்ட்டில் நிறுத்துவார். அதற்கு மேல் என்ன என்று கேட்டால், "அதுக்கு மேல கோர்ட்டுப் பாடு. நமக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சுல்ல" என்பார்.

இன்னொரு பலவீனமும் உண்டு. அவர் பிடித்த கேசு அவருடைய சொந்த நிலம் மாதிரி. அடுத்த ஸ்டேஷன்காரர் அதில் கால் வைத்தால் வரப்பு வெட்டியது போலக் கொதித்துப் போவார். அந்தக் கொதிப்புத்தான் நாற்பத்திரண்டாம் வருஷம் ஒரு மனிதனின் சாவுக்குக் குறுக்கே போய் நின்றது.

அது ஆகஸ்டுக் கலகம் நடந்த காலம். தலைவர்களெல்லாம் ஜெயிலில். தந்திக் கம்பிகளுக்கும் தண்டவாளங்களுக்கும் கெட்ட வேளை. ஒரு நாள் காலை அரியலூருக்கு வெளியே ரயில் பாதையில் வேட்டு வெடித்து, ஒரு தண்டவாளம் வளைந்துபோயிற்று. வைத்தவன் அய்யாக்கண்ணு. கிணறு வெட்டுகிற ஆள். கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: திரியைக் கொளுத்தியதும், "வேட்டு... வேட்டேய்..." என்று நாலு பக்கமும் கேட்கக் கத்துவார்கள். மேலே நிற்கிற ஆளும் ஆடும் விலகிக்கொள்ள வேண்டுமல்லவா? பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைத் தகர்க்க வந்த இடத்திலும் பழக்கதோஷம் அய்யாக்கண்ணுவை விடவில்லை. திரியைக் கொளுத்தினான், தொண்டை கிழியக் கத்தினான், அப்புறம் ஓடினான்.

பாதையைப் பார்த்துக்கொண்டு வந்த கேங்மேன் மதுரைவீரன் அந்தக் குரலைக் கேட்டு விலகியதால் பிழைத்தார். சிவப்புக் கொடியோடு எதிரே ஓடி ரயிலையும் நிறுத்தினார். ஒரு உயிரும் போகவில்லை. அந்தக் குரல் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை. அவர் வீட்டுக் கிணற்றையே வெட்டியவன் அய்யாக்கண்ணு. பயங்கரவாதிகளின் சரித்திரத்தில் தன் வருகையைத் தானே கூவி அறிவித்தவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஏட்டு போனபோது அவன் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"வச்சேங்க ஏட்டய்யா" என்றான் தலை நிமிராமல்.

"அதை எங்கிட்டச் சொல்லாத. கோர்ட்ல கேப்பாங்க, அங்க சொல்லு. கூழைக் குடிச்சிட்டு எந்திரி."

ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில், வெளியூர் ஆயுதப்படை ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதன் அதிகாரிக்கு விசாரணையில் நம்பிக்கை கிடையாது. இது களவுமல்ல, கலகமுமல்ல, யுத்தம் என்றார். எதிரியை வெடித்த இடத்துக்கே கொண்டுபோய் அங்கேயே கணக்குத் தீர்த்துவிடுவது, திரும்பும் வழியில் அவன் தெருவையும் கொளுத்திவிடுவது என்று திட்டம். ஓடப் பார்த்தான், சுட்டோம் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார்.

"இவன் ஓட மாட்டான்ங்க. வயிறு முட்டக் கூழ் குடிச்சிருக்கான்" என்றார் ஏட்டு.

அதிகாரி முறைத்தார். ஏட்டுக்கு வரப்பு ஞாபகம் வந்துவிட்டது.

"யுத்தம்னா ரெண்டு பக்கமும் சிப்பாய் வேணுங்களே. இவனை நீங்க சிப்பாய்ன்னுட்டா, நாளைக்கு இவன் தெருவுல இருக்குற அத்தனை பயலும் சிப்பாயாயிடுவான். அப்புறம் நாம தினம் யுத்தம்தான் பண்ணிட்டு இருக்கணும். இவன் கிணறு வெட்டுற ஆளுங்க. தண்டவாளத்தை ஒடைச்சான். ஆடு திருடினவனுக்கு என்னவோ அதான் இவனுக்கும். இது என் கேசு."

சாப்பிட்டுவிட்டு வருகிறேன், ஆள் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

ஏட்டு அன்று சாப்பிடவில்லை. அய்யாக்கண்ணுவின் கையில் கயிற்றைக் கட்டினார். கோர்ட்டுக்குச் சந்து வழி குறுக்கு. அவரோ ஜனம் நெரிகிற கடைத்தெரு வழியாகக் கிளம்பினார். காய்கறிக் கடை கலியம்மாள் முன்னால் நின்றார்.

"கலியம்மா, இது யாரு தெரியுதா?"

"நம்ம கிணத்து அய்யாக்கண்ணு. என்னங்க பண்ணிட்டான்?"

"அது கோர்ட்டுப் பாடு. ஆளு உசிரோட இருக்கானா, கைகால் நல்லா இருக்கா, பார்த்துக்க. நாளைக்கு யாராவது கேட்டா நீதான் சாட்சி."

அடுத்து எண்ணெய்க் கடை. அதற்கடுத்து ஜவுளிக் கடை. ஒவ்வொரு வாசலிலும் கைதியைத் திருப்பித் திருப்பி, மாப்பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினார். பாதித் தெரு சாட்சியான வேளையில் பின்னால் லாரியின் ஹாரன் அலறியது. ஏட்டு தெரு நடுவிலேயே நடந்தார். ஹாரன் மறுபடி அலறியது. அவருக்குக் காது மந்தம் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

கைதி கயிற்றை முன்னால் இழுத்தான். "ஏட்டய்யா, கொஞ்சம் வெரசா நடங்கய்யா" என்று கெஞ்சினான்.

"எனக்குக் கால் வலிக்குதுடா. ஓடினா ஓடினான்னு எழுதிடுவானுங்க. மெதுவா வா."

கோர்ட்டில் சப்மாஜிஸ்ட்ரேட் கிருஷ்ணமூர்த்தி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். லாரி வந்ததிலிருந்து எதிரியாகவே இருந்தவன், "அய்யாக்கண்ணுங்க. அப்பா பேரு அரியமுத்துங்க" என்று சொல்லும்போது அழுதுவிட்டான். ஏட்டு கம்பீரமாக ஒரு செக்ஷனைச் சொன்னார். அது மாட்டு வண்டியில் விளக்கில்லாமல் போவதற்கு உரியது. குமாஸ்தா சிரித்தார். மாஜிஸ்ட்ரேட் சரியானதை எழுதிக் கைதியை சப்ஜெயிலுக்கு அனுப்பினார். வாசலில் நின்ற அதிகாரியிடம், இவன் இனி கோர்ட்டின் பொறுப்பு, இவனுக்கும் இவன் தெருவுக்கும் ஏதாவது நேர்ந்தால் உம்மைத்தான் கேட்பேன் என்று தணிந்த குரலில் சொன்னார்.

திருச்சியில் நடந்த விசாரணையில் மதுரைவீரன் அந்தக் கூவலைக் கூண்டிலேயே கூவிக் காட்டினார். கொல்ல நினைத்தவன் இப்படிக் கத்த மாட்டான் என்று ஜட்ஜு ஒப்புக்கொண்டார். தண்டவாளத்துக்குத் தண்டனை உண்டு. அதை அய்யாக்கண்ணு முழுக்க அனுபவித்தான். இப்போது மீன்சுருட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிறான். அவன் தெருவில் ஒரு கூரைகூடக் கருகவில்லை.

அன்றைக்கு, கைதியை உள்ளே அனுப்பிவிட்டு ஏட்டு கோர்ட்டு வாசலுக்கு வந்தபோது, லாரி கைதி இல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஓரமாக, சாக்கடை விளிம்பு வரைக்கும் ஒதுங்கி, தெரு முழுவதையும் அதற்கு விட்டுக் கொடுத்தார். அவிழ்த்த கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். புழுதி அடங்கும் வரை கையை இறக்கவில்லை.