தகரம் குத்தியும் தெரியாத கால்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வீடு தாராவியில், வேலை ரயிலில் போய்வரும் தூரத்திலிருக்கும் ஐரோலியில். வெறுங்காலில் நடப்பது போலவே இருக்குமாம் என்று படித்து, அடி மெலிந்த ஷூ ஒன்றை வாங்கினேன்.

தோல் பட்டறையில் வேலை செய்யும் அப்பா அதைச் சப்பாத்தி போல மடித்துப் பார்த்தார்.

"ஏட்டி, இதுக்கு அடியே இல்லியே. நம்ம கல்லிச் சந்துல பூரா டப்பா வெட்டுன தகரம்லா கெடக்கு."

"ஒங்களுக்குத் தெரியாதுப்பா. நான் படிச்சிட்டுதான் வாங்கியிருக்கேன்."

கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும் என்றும் படித்திருந்தேன். ஆனால் முதல் நாளிலிருந்தே ஸ்டேஷனுக்குப் போக வர அதில்தான் நடந்தேன். இரண்டு வாரத்தில் முன்பாதம் மரத்துப்போனது. கால் பழகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாலை ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தேன்.

"ஏட்டி, தரையெல்லாம் ரத்தம்!" என்று அம்மா கத்தினாள்.

ஷூவின் அடியைத் துளைத்து உள்ளங்காலில் தகரச் சில்லு ஏறியிருந்தது. அம்மா பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. பயம்கூட வரவில்லை. யாருடைய காலையோ பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரை நோயால் ஒரு கால்விரலை இழந்தவர் அப்பா. "எனக்கும் இப்படித்தாம்ட்டி, வலியே தெரியல" என்றார்.

டாக்டர் ஊசி போட்டு, ரத்தத்தையும் சோதித்தார். சர்க்கரை இல்லை, பழகாமல் அதிகம் நடந்ததில் பாதத்து நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார். உணர்வு திரும்ப ஒரு மாதமானது.

இப்போது சந்தில் தடித்த செருப்புதான். மெல்லிய ஷூவை ஆபீஸ் புல்தரையில் பத்து நிமிடம் மட்டும் போடுகிறேன். தினமும் வீடு திரும்பியதும் என் உள்ளங்காலையும் அப்பாவின் உள்ளங்காலையும் பார்க்கிறேன். முதலில் அவர் காலை இழுத்துக்கொண்டார். இப்போது நான் கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுகிறார்.