கையொப்பத்தின் முன்பாதி

எனக்குப் பொறுமை குறைவு. வைவா நாளில் அதுவும் இருக்காது. பி.எச்டி. வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதால், என் மாணவியின் அப்பாவும் அம்மாவும் தாராபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே ஸ்வீட்டும் மிக்சரும் பொட்டலமாகி மேசையில் காத்திருந்தன. 

கம்ப்யூட்டர் போடும் மின்கையொப்பத்தை வேகமாக்கும் வழிதான் அவளுடைய ஆய்வு. பல வருட உழைப்பு. நன்றாகவே பேசினாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "ரெண்டு செய்திக்குக் கையொப்பம் போட்டுக் காட்டும்மா" என்றார். போட்டாள்.

திரையைப் பார்த்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இரண்டு கையொப்பங்களிலும் முன்பாதி அப்படியே ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரகசிய எண் எடுத்தாக வேண்டும். சோதித்துப் பார்க்கும் வசதிக்காக ஒரே எண்ணை வைத்திருந்தவள், அதை நீக்க மறந்திருக்கிறாள். ஒரே எண் இரண்டு தடவை வந்தால், கையொப்பம் போடும் ரகசியச் சாவியையே எவரும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். எங்கள் துறையில் இது பாலபாடம். இதிலேயே கோட்டை விட்டவளுக்கு யார் பட்டம் தருவார்கள்?

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். புரொஜக்டர் ஒயர் என் காலடியில் கிடந்தது. குனிந்து பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் லேத் பட்டறைகள் ஓடும் எங்கள் கணபதி வட்டாரத்தில், திரை அணைந்ததற்கு வோல்டேஜ் மேல் பழி போட்டால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

"சார், இதுல தப்பு இருக்குதுங்க" என்றாள் தேர்வாளரிடம்.

அவள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவள் கரும்பலகைக்குப் போய், அந்த இரண்டு கையொப்பங்களை வைத்தே தன் ரகசியச் சாவியை எடுப்பது எப்படி என்று வரி வரியாக எழுதிக் காட்டினாள். பிறகு புரோகிராமைத் திருத்தி மறுபடி கையொப்பம் போட்டாள். இப்போது முன்பாதிகள் வேறு வேறாக வந்தன. தேர்வாளர் விடவில்லை, வெகுநேரம் குடைந்தெடுத்தார். ஒயரை நானும் விடவில்லை. கடைசியில் பட்டம் தரலாம் என்று அவர் சொன்னதும்தான் ஒயரைக் கீழே போட்டேன்.

"ஏனுங்க சார், புள்ள தப்புன்னு சொல்லிப்போட்டாளே, பரவாயில்லீங்களா?" என்றார் அவள் அப்பா.

"பாஸுங்க. போய் ஸ்வீட்டைக் குடுங்க" என்றேன்.

கூட்டம் மேசைப் பக்கம் நகர்ந்ததும் அவளிடம் கேட்டேன்: "பயந்துட்டியா அம்மணி?"

"ஆமாங்க சார். நீங்க ஒயரைப் புடிச்சதைப் பார்த்தனுங்க. புடுங்கிப்போடுவீங்கன்னு பயந்துதான் அவசரமாச் சொல்லிப்போட்டனுங்க."