கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்

முதல் அறை நான் விட்டதுதான். அதை மறைத்து இதை எப்படித் தொடங்கினாலும் பொய்யாகிவிடும்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் எனக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் ஹாம் ரேடியோ. மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, முகம் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். மனைவியின் அண்ணன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், எனக்கு வைத்த பெயர் 'காத்தோட பேசுறவரு'. மச்சானின் வாயை அடைக்கத்தான் அவர் பைக் சீட்டுக்கு அடியில் சின்ன ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பொருத்தினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது தன் இடத்தை ரேடியோவில் சொல்லும். என் இடுப்பில் தொங்கும் கைரேடியோ அதைக் கேட்டதும் கீச்சென்று கத்தி, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று காட்டும். போன் மேப்பில் புள்ளியாகவும் விழும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அந்த பைக் களவு போனது. சொந்தபந்தம் முழுக்க என் போனைச் சுற்றி நின்றது. புள்ளி பிளவக்கல் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புள்ளிக்குக் கீழே 'நாற்பது நிமிடம் முன்பு' என்றும் இருந்தது. மலை மறைத்தால் சிக்னல் வராது. கடைசியாகக் கேட்ட இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மாமனார் முதன்முறையாக என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

நான்கு பேர் காரில் போனோம். தோப்பில் காவல்காரர் மட்டும் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், கீற்று முடைந்துகொண்டிருந்தார். இங்கே எந்த வண்டியும் வரவில்லை என்றார். மேப்பே சொல்கிறது, இவன் இல்லை என்கிறானா என்று அறைந்தேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்றபடி மச்சான் ஒரு தென்னை மட்டையை எடுத்தார்.

"ஏலே, வண்டி எங்கலே?"

பதில் வருவதற்குள் அடுத்த அடி விழுந்தது. உதடு கிழிந்தது. பல்லொன்று மண்ணில் கிடந்தது. என் கையும் நிற்கவில்லை. அடிக்க அடிக்க எனக்குச் சுகமாகத்தான் இருந்தது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அப்போது இடுப்பில் ரேடியோ கீச்சென்றது. குனிந்து பார்த்தேன். கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர். வண்டி சுந்தரபாண்டியம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வால்யூமைக் குறைத்தேன். மண்டபத்தில் அத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் நினைப்பு. மட்டை இன்னும் இரண்டு தடவை இறங்கியது. இரண்டாவதில் அவர் கை ஒடிந்த சத்தம் கேட்டது. அதன்பிறகே, இப்போதுதான் புது சிக்னல் வந்தது என்று மச்சானிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் வண்டி கிடைத்துவிட்டது.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கையைச் சுற்றியிருந்தது எங்கள் கம்பெனியில் நெய்வது போன்ற பேண்டேஜ் துணிதான். கருவி தப்பாகக் காட்டிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினார்.

"பொட்டி கத்துச்சு தம்பி. நீங்க குனிஞ்சு பாத்தீக, மூஞ்சி மாறிருச்சு. சரி, விட்டுருவாகன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவுதான் கை ஒடிஞ்சது."

மச்சானிடம் இதை இன்றுவரை நான் சொல்லவில்லை. வீட்டில் இப்போது யாரும் என்னைக் காற்றோடு பேசுகிறவன் என்று கேலி செய்வதில்லை.